தூக்க மருந்தின் பகல் வேலை

மதுரை மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிறார். மற்ற ஊர்களில் வலக்கால் ஊன்றி இடக்கால் தூக்கி நிற்பவர் இங்கே இடக்காலை ஊன்றி வலக்காலைத் தூக்கியிருக்கிறார். எந்தக் கால் ஊன்றினாலும் அதன் கீழே கிடப்பவன் முயலகன்தான். தத்துவம் பேசுகிறவர்களுக்கு அவன் அறியாமையின் உருவம். ஊராருக்கோ அவன் ஒரு நோயாகவும் இருந்தான். கீழே விழுந்து, கைகால் இழுத்து, வாயில் நுரை தள்ளி, நினைவு தப்பிக் கிடக்கும் நோயை முயலகன் என்றே சொன்னார்கள்.

பெரியபுராணத்தில் இந்த நோய் ஒரு வீட்டுக் கதையாக வருகிறது. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளை முயலகன் பிடித்துவிடுகிறது. எந்த வைத்தியத்துக்கும் அது அடங்கவில்லை. தகப்பன் மகளைக் கொண்டுவந்து திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்திவிடுகிறான். அங்கே வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் எழுந்து நடந்து தகப்பனிடம் போகிறாள். திருச்சிக்கு அருகே இன்று திருவாசி என்று வழங்கும் அந்த ஊரில் நடராசரின் காலடியில் முயலகன் இல்லை, பாம்புதான் இருக்கிறது. வலிப்புக்காக நேர்ந்துகொண்டு அங்கே போகிறவர்கள் இன்றும் உண்டு. நாட்டை ஆண்டவனே கையறு நிலையில் மகளைக் கோயில் தரையில் கிடத்தினான் என்றால், மானாவாரிக் காட்டில் கூலி வேலை செய்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும்.

மதுரைக்குத் தென்மேற்கே பேரையூர், டி.கல்லுப்பட்டி, எழுமலை, சாப்டூர் என்று சதுரகிரி மலையடிவாரம் வரை நீளும் ஊர்கள் அப்படிப்பட்ட கூலிக்காரர்களின் ஊர்கள். பாளையக்காரர் காலத்திலிருந்தே பேர்பெற்ற ஊர் பேரையூர். ஆனால் மண் வானத்தை நம்பிய மண். கிணற்றுப் பாசனமும் கண்மாயும் விறகடுப்பும் மாடும் வண்டியுமாக நடந்த வாழ்க்கை அது. காக்கா வலிப்புக்காரருக்கு அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையிலும் ஆபத்து இருந்தது. வலிப்பு ஆளைக் கொல்வது அரிது. கிணற்றடியில் நிற்கும்போது வந்தால் கிணறு கொல்லும், அடுப்படியில் வந்தால் நெருப்பு கொல்லும், கண்மாயில் துணி துவைக்கும்போது வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் போதும். ஆகவே வீட்டார் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை, கிணற்றுப் பக்கமும் விடவில்லை. பாதுகாப்புக்காக என்று தொடங்கிய காவல் ஆயுள் காவலாகிவிடும்.

நடுத்தெருவில் ஒருவர் விழுந்துவிட்டால் இரும்பைத் தேடி நாலு பேர் ஓடுவார்கள். சாவிக்கொத்து, அரிவாள், பூட்டு, எது அகப்பட்டாலும் கையில் திணிப்பார்கள். சிலர் செருப்பைக் கழற்றி மூக்கில் வைப்பார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில், மிஞ்சினால் மூன்று நிமிடத்தில், தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, இறுகிய விரல்களைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் அந்த நேரம் ஓடிப்போகும், பெருமை இரும்புக்குச் சேரும். இந்த நம்பிக்கை இத்தனை நாள் நீடித்ததற்கு இதுதான் காரணம். உண்மையில் செய்ய வேண்டியது இதைவிட எளிது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அருகில் இருக்கும் கல்லையும் கட்டையையும் அப்புறப்படுத்த வேண்டும். வாய்க்குள் எதையும் நுழைக்கக் கூடாது, நினைவு திரும்பும் வரை தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆனால் ஆஸ்பத்திரியிலும் நெடுங்காலம் வரை சொல்லிக்கொள்ளும்படி மருந்து கிடையாது.

1857ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் நடந்த ஒரு மருத்துவர் கூட்டத்தில் சார்லஸ் லோகாக் என்ற பிரசவ மருத்துவர், பொட்டாசியம் புரோமைடு உப்பு சில பெண்களின் வலிப்பை அடக்கியதாகச் சொன்னார். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுக்க அதுதான் வலிப்பு மருந்து. ஆங்கிலேயர் நடத்திய ஆஸ்பத்திரிகளிலும் புரோமைடு மிக்ஸ்சர்தான். வீட்டிலிருந்து நோயாளி கொண்டுவரும் பாட்டிலில் கம்பவுண்டர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகப் பல் வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். எழுத்தறியாதவர்களும் அந்தக் காகிதப் பட்டையைப் படித்தார்கள். புரோமைடின் தொல்லை என்னவென்றால் அது உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே பன்னிரண்டு நாள் ஆகும். நாள்பட உள்ளே சேர்ந்து, முகத்தில் கட்டிகள் எழும், பேச்சுக் குழறும், புத்தி மந்தமாகும். வலிப்பு நின்றது, மனிதரும் பாதி நின்றுபோனார்.

அடுத்த மருந்து வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1864இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் யூரியாவையும் மலோனிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்பிட்டூரிக் அமிலத்தை உண்டாக்கினார். அது யாரையும் தூங்க வைக்கவில்லை. அவருடைய மாணவர் எமில் ஃபிஷர், ஜோசப் ஃபான் மேரிங் என்ற மருத்துவருடன் சேர்ந்து அதே மூலக்கூறில் சிறு மாற்றம் செய்து, 1903இல் ஆளை அசத்தும் ஒரு மருந்தை வெளியிட்டார். வெரோனல் என்ற பெயரில் அது ஐரோப்பாவின் படுக்கையறைகளுக்குள் நுழைந்தது. அதை விஞ்ச நினைத்த பேயர் கம்பெனி, 1912இல் லூமினல் என்ற இன்னொரு தூக்க மருந்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதன் வேதிப்பெயர் பினோபார்பிட்டால். நம் ஊர் மருத்துவர்கள் பினோபார்பிடோன் என்பார்கள்.

அதே ஆண்டு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து மனநல மருத்துவமனையில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் உதவி மருத்துவர் வேலை பார்த்தார். வலிப்பு நோயாளிகளின் வார்டுக்கு மேலேதான் அவருடைய அறை என்றும், இரவெல்லாம் கீழே நோயாளிகள் கட்டிலிலிருந்து விழும் ஓசையில் அவரால் தூங்க முடியவில்லை என்றும், அவர்களைத் தூங்க வைக்கவே புதிய மருந்தைக் கொடுத்தார் என்றும் மருத்துவ உலகில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, அவர் கண்டதும் எழுதியதும் உண்மை. லூமினல் சாப்பிட்டவர்களுக்கு இரவில் மட்டுமல்லாமல் பகலிலும் வலிப்பு குறைந்தது. புரோமைடுக்கு அடங்காதவர்களுக்கும் குறைந்தது. அதுவும் ஆளைத் தூக்கத்தில் தள்ளாத சிறிய அளவிலேயே குறைந்தது. தூங்குவதற்காகச் செய்யப்பட்ட மருந்து, ஒரு மனிதர் விழித்தபடி கிணற்றடியில் நின்று வேலை பார்ப்பதற்கு உதவ முடியும் என்று அப்போதுதான் தெரியவந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பது விளங்குவதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஓர் அணுவைத் துடிக்கத் தூண்டும் வேதிப்பொருளும் உண்டு, துடிக்காதே என்று அடக்கும் வேதிப்பொருளும் உண்டு. தூண்டுவதில் முதன்மையானது குளூட்டமேட். அடக்குவதில் முதன்மையானது காபா. காபா மூளையில் இருக்கிறது என்பதே 1950இல்தான் தெரிந்தது. நரம்பணுவின் மேற்புறத்தில் காபா வந்து ஒட்டுவதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. ஒட்டியதும் ஏற்பியின் நடுவே ஒரு வாசல் திறக்கும். வெளியே இருக்கும் குளோரைடு அயனிகள் அதன் வழியாக உள்ளே புகும். எதிர்மின்னூட்டம் கொண்ட அவை நிறையப் புகுந்தால் அணு எளிதில் துடிக்காது. வலிப்பின்போது நடப்பது இதற்கு நேர்மாறு. ஆயிரக்கணக்கான அணுக்கள் அடக்குவாரின்றி ஒரே தாளத்தில் துடிக்கின்றன, உடம்பு அந்தத் தாளத்துக்கு இழுக்கிறது.

பினோபார்பிடோன் அதே ஏற்பியில், காபா ஒட்டும் இடத்துக்கு அப்பால் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. காபா வந்து வாசலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வாசல் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் திறந்தே நிற்கும்படி செய்கிறது. குளூட்டமேட்டின் தூண்டுதலையும் ஓரளவு மட்டுப்படுத்துகிறது. பிற்காலத்தில் வந்த டயசெபாம், நம்மவர் காம்போஸ் என்று அறிந்த மாத்திரை, இதே ஏற்பியில்தான் வேலை செய்கிறது. ஆனால் அது வாசலை அடிக்கடி திறக்கச் செய்யுமே தவிர நீண்ட நேரம் திறந்து வைக்காது, காபா இல்லாமல் அதற்கு வேலையும் இல்லை. பார்பிட்டூரேட் வகை மருந்துகளோ அளவு மிஞ்சினால் காபா இல்லாமலேயே வாசலைத் திறந்துவிடும். அப்போது மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் அடங்கிப்போகும். இந்த ஒரு வேறுபாட்டால்தான் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தூக்க மாத்திரை என்பது சாவுச் செய்திகளோடு சேர்ந்தே வந்தது. மதுவோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். தூக்கத்துக்காகப் பார்பிட்டூரேட் எழுதிக்கொடுப்பதை மருத்துவ உலகம் இன்று ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. மிச்சம் நிற்பவற்றில் முதன்மையானது வலிப்புக்காக நிற்கும் பினோபார்பிடோன்தான்.

இந்த மருந்தின் வரலாற்றில் சொல்லாமல் தாண்டக் கூடாத ஒரு பக்கம் இருக்கிறது. 1933 ஜூலையில் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டம், கருத்தடை செய்ய வேண்டிய நோய்களின் பட்டியலில் பரம்பரை வலிப்பையும் சேர்த்தது. ஆறேழு ஆண்டுகளில் நோயுற்ற, ஊனமுற்ற குழந்தைகளைக் கொல்லும் திட்டமாக அது வளர்ந்தது. அந்தக் கொலைகளுக்குப் பயன்பட்ட மருந்துகளில் லூமினலும் ஒன்று. வலிப்பு நோயாளிகளை விடுவித்த அதே மாத்திரையை அளவுக்கு மேல் கொடுத்து, மெல்ல மெல்ல நுரையீரல் சளி கட்டிச் சாகவிட்டார்கள். ஹாப்ட்மன் யூதர். 1935இல் ஹாலே பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. 1938 நவம்பரில் யூதர்கள் மீது நடந்த வன்முறைக்குப் பின் அவரை டாக்காவ் வதை முகாமில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தார். 1948இல் பாஸ்டன் நகரில் இறந்தார். அவர் கண்டுபிடித்ததால் பிழைத்த கோடிக்கணக்கானவர்களில் அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

முதல் உலகப் போரில் ஜெர்மன் மருந்துகளின் வரத்து நின்றபோது, பிரான்ஸின் பூலாங்க் கம்பெனி இதைத் தானே தயாரிக்கத் தொடங்கியது. கார்டினால் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அந்தக் கம்பெனியோடு உறவு வைத்திருந்த பிரிட்டனின் மே அண்ட் பேக்கர் வழியாக அது இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. நிமோனியாவுக்கு எம் அண்ட் பி மாத்திரை கேட்டு வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கம்பெனி நன்றாகவே பழக்கம். பினோபார்பிடோன் என்ற பெயரைக் கேட்டால் விழிப்பவர்களும் கார்டினால் என்றால் உடனே தலையசைப்பார்கள். 'பிட்ஸ் மாத்திரை' என்றாலே பல வீடுகளில் அதுதான்.

மதுரை வட்டாரத்துக்கு அந்த மாத்திரையின் தலைவாசல் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயர் தாங்கியது, இப்போது அரசு இராசாசி மருத்துவமனை. ஊராருக்கு அன்றும் இன்றும் பெரியாஸ்பத்திரி. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. நரம்பியல் தனித்துறையாக இந்தியாவில் வேர்விட்டதும் தமிழ் மண்ணில்தான். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் நரம்பு அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1951இல் இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் பிறந்தது. மறு ஆண்டே வலிப்புக்கான நாட்டின் முதல் மூளை அறுவையை சாண்டி வேலூரில் செய்தார். இருந்தாலும் பேரையூர்க்காரருக்குத் தேவைப்பட்டது அறுவைக் கத்தியல்ல. மாதம் தவறாமல் முப்பது நாளுக்கு மாத்திரை கிடைத்தால் போதும். விடியற்காலை பஸ் ஏறி, சீட்டு வாங்கி வரிசையில் நின்று, மாத்திரையோடு சாயங்காலம் ஊர் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிருக்கும். கூட ஒருவர் வந்தால் இரண்டு கூலி.

அந்தப் பயணத்தை ஓரளவு தாங்கும்படி செய்தது பினோபார்பிடோனின் ஒரு குணம். இரத்தத்தில் அது பாதியாகக் குறைய மூன்று நான்கு நாள் ஆகிறது. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரவில் போட்டால் போதும். ஒரு நாள் தவறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் வலிப்பு நின்றுவிட்டதென்று திடீரென மருந்தை நிறுத்தினால், விட்டது சேர்த்து வைத்துத் திரும்பி வரும். ஒரு வலிப்பு ஓயும் முன் அடுத்தது தொடங்கி உயிருக்கே உலை வைக்கும் நிலைக்கு இப்படி நிறுத்தியவர்கள் பலர் ஆளாகிறார்கள். இரண்டு ஆண்டுகளாவது வலிப்பே இல்லாதிருந்தால்தான் மருத்துவர் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார். அதையும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

குறைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். தொடக்கத்தில் மந்தமும் அசதியும் வரும். சில குழந்தைகள் இதற்கு மாறாக நிலைகொள்ளாமல் துறுதுறுவென்று ஓடுவார்கள். காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைகளுக்கு மறுபடி வராமலிருக்க ஆண்டுக்கணக்கில் இந்த மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அப்படிக் கொடுத்ததில் வலிப்பு குறையவில்லை, குழந்தைகளின் நுண்ணறிவுதான் சற்றுக் குறைந்தது என்று காட்டியதும் அந்த வழக்கம் தேய்ந்தது. கல்லீரலின் நொதிகளை இது முடுக்கிவிடுவதால் கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் சீக்கிரம் கரைந்துபோகும். மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண் கார்டினாலும் சாப்பிட்டால், கருத்தடை பலிக்காமல் போகலாம். கருவுற்ற காலத்தில் குழந்தைக்கும் ஓரளவு ஆபத்து உண்டு. இதையெல்லாம் மருத்துவர் எடுத்துச் சொல்ல வேண்டும், கூட்டம் நிரம்பிய வெளிநோயாளிப் பிரிவில் அதற்கு இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

1938இல் மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் தூக்கம் வராமலே வலிப்பை அடக்கும் ஃபெனிடாயினைக் கொண்டுவந்தார்கள். பின்னர் இன்னும் பல மருந்துகள் வந்தன. பணக்கார நாடுகள் பினோபார்பிடோனைப் பழங்கணக்கில் எழுதிவிட்டன. ஆனால் 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது, அந்த இடம் இன்றும் பறிபோகவில்லை. இது ஏழைகளுக்கான இரண்டாந்தர மருந்தா என்ற கேள்விக்கு இந்தியக் கிராமங்களே விடை தந்தன. மேற்கு வங்கக் கிராமங்களில் 94 குழந்தைகளிடம் பினோபார்பிடோனையும் ஃபெனிடாயினையும் ஒப்பிட்டு நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. பயந்த அளவுக்குப் பினோபார்பிடோன் குழந்தைகளின் நடத்தையைக் கெடுக்கவில்லை என்று தெரிந்தது. கர்நாடகத்தின் யெலந்தூர் பகுதியில் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் குழுவினரும் இந்த இரண்டு பழைய மருந்துகளையே கொண்டு கிராமத்து வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். வேலூர் மருத்துவர்கள் வேறொரு கோணத்தில் வேலை செய்தார்கள். அப்பகுதியில் வலிப்புள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழுவின் கூடு காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தப் புழுவின் முட்டைகள் மலம் வழியாகப் பரவுவதால், கழிப்பிட வசதியும் கை கழுவுவதும் வலிப்பு மருத்துவத்தில் சேர்ந்தவை என்று பொருள்.

பச்சிளங்குழந்தைகளின் வார்டில் இந்த முதிய மருந்தை வீழ்த்த யாராலும் முடியவில்லை. பிறந்த சில நாட்களில் வலிப்பு வரும் குழந்தைகளுக்குப் புதிய மருந்தான லெவெடிரசெடாமையும் இதையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. 24 மணி நேரம் வலிப்பில்லாமல் இருந்த குழந்தைகள் பினோபார்பிடோன் பெற்றவர்களில் 80 விழுக்காடு, புதிய மருந்து பெற்றவர்களில் 28 விழுக்காடு.

மருந்து இப்படியெல்லாம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது சட்டம் பின்னோக்கி நடந்தது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியவர்கள், திருமணத்துக்குத் தகுதியின்மைகளில் ஒன்றாக மனநோயோடு திரும்பத் திரும்ப வரும் வலிப்பையும் சேர்த்தார்கள். மாத்திரையால் பத்து ஆண்டு வலிப்பே இல்லாமல் வாழும் பெண்ணையும் நீதிமன்றத்துக்கு இழுக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தினர் விடாமல் குரல் கொடுத்து, 1999 டிசம்பரில்தான் அந்தச் சொல் நீங்கியது. லூமினல் வந்து 87 ஆண்டுகள் கழித்து. சட்டப் புத்தகத்தில் நீங்கியது பெண் பார்க்க வரும் வீட்டில் நீங்கவில்லை. கல்யாணமாகிப் போன பெண் மாத்திரை அட்டையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்துச் சாப்பிடுவதும், ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுவதும், அடுத்த வாரம் மாமியார் வீட்டு அடுப்படியில் விழுவதும் மருத்துவர்கள் அலுக்காமல் சொல்லும் வரலாறு. இங்கே மருந்து தோற்பதில்லை, அவளைச் சுற்றியிருப்பவர்கள் தோற்கடிக்கிறார்கள்.

வலிப்புள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் தக்க மருந்து எடுத்தால் வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகளில் நாலில் மூவருக்கு அந்த மருந்தே போய்ச் சேர்வதில்லை என்றும் அதுவே சொல்கிறது. ஒரு தடை விலை. கார்டினாலைப் பொறுத்தவரை அது சொற்பம். இன்னொரு தடை காகிதம். 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையும் அதையொட்டிய 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் பினோபார்பிடோனையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருப்பதால், சீட்டு இல்லாமல் வாங்க முடியாது, சிறு கடைகள் இருப்பு வைக்கத் தயங்குகின்றன. கட்டுப்பாடு தேவைதான், அளவு மிஞ்சினால் கொல்லும் மருந்து இது. ஆனால் அதற்கான விலையை ஊர்க்கோடியில் இருப்பவர் தருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. அதே பையில் வலிப்பு மாத்திரைக்கும் எல்லா ஊரிலும் உறுதியான இடம் வேண்டும். சாப்டூர் மலையடிவாரத்தில் இருப்பவர் முப்பது மாத்திரைக்காக மதுரைக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. பை கொண்டுவரும் பெண் ஊழியர் மாத்திரையை மருமகள் கையில் கொடுக்கும்போது மாமியாரிடமும் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக முடியும்.